ஒற்றைப்படை இதழ்கள் என்னுடையவை

சனி, நவம்பர் 1

விடிந்ததிலிருந்து மழை. துணி உலரவில்லை. கார் டயரில் காற்றுக் குறைவு.

போதும். பதினேழு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி மூடமாட்டேன்.

காரணம்: செம்பருந்து முடிகிறது.

பத்து மணிக்கு சரசு அக்கா கடை. ஜொகூர் தம்போயில் இந்த ஒரு பத்திரிகைக் கடைக்குத்தான் இன்னும் செம்பருந்து வருகிறது. 359ஆம் இதழ், மூன்று வாரத் தாமதம். கடைசிப் பக்கத்தில் கறுப்புக் கட்டம் கட்டி ஓர் அறிவிப்பு. 360ஆம் இதழோடு செம்பருந்து விடைபெறுகிறானாம். தாமதத்தை ஈடுகட்ட அடுத்த சனிக்கிழமையே கடைகளுக்கு வந்துவிடுமாம். முப்பது வருடம் மாதாமாதம் வந்த படக்கதையை நான்கு வரியில் முடித்துவிட்டார்கள். எங்கள் பெயிண்ட் தொழிற்சாலையில் 'குழாய் பழுது' என்று ஒட்டுகிற தாளில் இதைவிட அதிகம் எழுதியிருக்கும்.

"என்னா குணா, மூஞ்சி தொங்கிப் போச்சு?" என்றாள் சரசு அக்கா.

"முடிஞ்சிருச்சாம் அக்கா."

"எது?"

"செம்பருந்து."

"அலமாக்! யாரோ போய்ட்டாங்கன்னு பயந்தே போய்ட்டேன்."

முகநூல் வாசகர் குழுவில் எல்லாரிடமும் கேட்டிருக்கிறார்கள்: தொடரின் நிறை என்ன, குறை என்ன, மனம்விட்டு எழுதுங்கள், ஞாயிறு 9க்குள். நல்லதைக் குழுவின் தலையில் ஒட்டிவைப்பார்களாம்.

எழுதப் போகிறேன். மூன்று பகுதி:
1. நிறை.
2. குறை.
3. லூ. செய்த துரோகம்.

லூ. என்றால் லூர்துசாமி. முழுப்பெயரை இந்த டைரியில் எழுதுவதில்லை என்று வைத்திருந்தேன். இன்று ஒருமுறை எழுதியாகிவிட்டது. இனி, அச்சில் வந்ததைத் தவிர, லூ. மட்டும்.

பொந்தியானில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவம் படித்தபோது இருவரும் ஒரே மேசை. முதல் இதழ் அப்போதுதான் வந்தது. ஆளுக்கொன்று வாங்குவது வீண் என்று லூ. சொன்னான். ஒரு சட்டம் போட்டோம். ஒற்றைப்படை இதழ்களை நான் வாங்குவது, இரட்டைப்படையை அவன். வாங்கியவன் முதலில் படிப்பான், அன்றைக்கே மற்றவனிடம் தருவான், படித்ததும் வாங்கியவனிடமே திரும்பிவிடும். கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதி இருவரும் பெருவிரல் ரேகை வைத்தோம். மை கிடைக்கவில்லை. கறுப்பு சோயா கிச்சாப்.

படித்து முடித்து, வேலை கிடைத்து, இருவரும் தம்போய்க்கு வந்த பிறகும் அதே சட்டம். சம்பளம் வந்துவிட்டது என்பதற்காகச் சட்டத்தை மாற்றுவதா?

பிறகு 157. நான் பதினோரு பக்கம் எழுதினேன், 'நிறையும் குறையும்' என்று, ஆசிரியருக்குக் கடிதமாக. லூ.வின் கையெழுத்து அழகு. அவன் படியெடுத்துத் தபாலில் போட்டான். 157இல் அரைப்பக்கம் வெளியானது. மாதத்தின் சிறந்த கடிதம். கீழே பெயர்: லூர்துசாமி, தம்போய். அவ்வளவுதான். என் பெயர் இல்லை.

தொலைபேசியில் கூப்பிட்டேன். அவனைப் பேசவிடவில்லை. இனி முகத்தில் முழிக்காதே என்று வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் ஒற்றைப்படை மட்டும்தான் படிக்கிறேன். இரட்டைப்படை அவனுடையது. தொடமாட்டேன். சட்டம் சட்டம்தான்.

இதில் ஒரு சிக்கல். செம்பருந்தின் ஒவ்வொரு கதையும் இரண்டு இதழ். ஒற்றைப்படையில் மாட்டிக்கொள்வான். இரட்டைப்படையில் தப்பிப்பான். முன்கதைச் சுருக்கம் கிடையாது, அது ஆசிரியரின் கொள்கையாம். ஆக பதினேழு வருடமாக, நூறு கதைக்கு மேல், அவன் மாட்டிக்கொள்வதை மட்டும் படித்திருக்கிறேன். முடிவை நானே ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன்.

359இல்: கடலுக்கு மேல் உயரத்தில் பறக்கிறான். இடி. மழை. சிறகு நனைகிறது. விழுகிறான். கரையில் மல்லிகா அண்ணாந்து பார்க்கிறாள். 'தொடரும்.'

டயருக்குக் காற்று அடிக்கவில்லை. மறந்துவிட்டேன்.


ஞாயிறு, நவம்பர் 2

காலை வெயில், மதியம் மழை. ஆட்டுக்கறி. வ. (மனைவி வசந்தி) மிளகு கூடப் போட்டுவிட்டாள். நன்றாக இருந்தது, சொல்லவில்லை.

பழைய பெட்டியை இறக்கினேன். நிறையை முதலில் எழுதி முடித்துவிட்டால் குறைக்கு நேரம் நிறையக் கிடைக்கும் என்பது திட்டம்.

நிறை —

மழை. நனைந்தால் சிறகு வேலை செய்யாது. ஜொகூரில் குடியிருக்கும் ஒருவனைப் பறக்கவிட்டு, மழையில் பறக்க முடியாது என்றும் விதித்தானே, அந்தக் கதாசிரியன் யாராக இருந்தாலும் அவன் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும். தினமும் நாலு மணிக்கு எங்காவது இறங்கித்தான் ஆக வேண்டும். 23ஆம் இதழில் கொள்ளையரைத் துரத்திப் போகிறான், மழை பிடித்துக்கொள்கிறது. அவனும் கொள்ளையர் மூவரும் ஒரே பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கி நிற்கிறார்கள். மூன்று பக்கம் ஒருவரும் பேசவில்லை. கடைசியில் ஒரு கொள்ளையன் வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டுகிறான். செம்பருந்து இரண்டு எடுத்துக்கொள்கிறான். மழை விட்டதும் மறுபடி ஓட்டம்.

லீவு விண்ணப்பம். பகலில் அவன் துறைமுக அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. ஊரைக் காப்பாற்றப் போகுமுன் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போவான். காரணம் எப்போதும் வயிற்றுக் கோளாறு. 88 இதழ் வரைக்கும் மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை. 89இல் ஓமத்திரவம் வாங்கிவந்து மேசையில் வைத்திருப்பார். செம்பருந்து கண் கலங்குவான். நானும். (இதைக் குழுவில் போட வேண்டாம்.)

புகையரசி. வருடா வருடம் இங்கே காடு எரிக்கிற புகைமூட்டம் வருகிறது, பள்ளிக்கூடத்தை மூடுகிறார்கள், முகமூடி விற்கிறது. அதையே ஒரு பெண்ணாக்கி, கூந்தலாக்கி, ஊர் மேல் படரவிட்டார்கள். அவள் கெட்டவளே இல்லை. யார் கொளுத்தினார்களோ அவர்கள்தான் என்று அவளே ஒருமுறை சொல்வாள். 61ஆம் இதழ். பக்கம் நினைவில்லை, பெட்டியில் பார்க்க.

அவன் யாரையும் கொன்றதில்லை.

சதுப்புநிலம் வரைகிற ஓவியர். சேற்றின் வாடை தாளிலேயே வரும்.

23ஐ மறுபடி எடுத்துப் பேருந்து நிறுத்தம் பார்த்தேன். வேர்க்கடலை.

வ. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எதுக்கு தனியா சிரிக்கிறீங்க?"

"சிரிக்கல. இருமல்."

உள்ளே போய் மகளுக்குத் தொலைபேசி. சிங்கப்பூரில் வேலை, ஞாயிறு மட்டும்தான் பேசுவாள். காதில் விழுந்தது: "உங்கப்பா சிரிச்சாரு. ஆமாலா, நெஜமாத்தான். இல்ல, டிவி போடல. சும்மா ஒக்காந்து சிரிக்கிறாரு."


செவ்வாய், நவம்பர் 4

தூறல். டயருக்குக் காற்று அடித்தாயிற்று.

வேலையில் ரவியின் பிறந்தநாள். கேக். நான் எடுக்கவில்லை. என்னைத் தாண்டி அவனைப் பிரிவுத் தலைவராக்கிய நாளிலிருந்து அவன் கொடுக்கிற எதையும் எடுப்பதில்லை. வேதியியல் பட்டம் என்னிடம், நாற்காலி அவனிடம். "அண்ணே, சாக்லெட்லா, ஒங்களுக்குப் பிடிச்சது," என்றான். சர்க்கரை என்றேன். எனக்குச் சர்க்கரை இல்லை. பக்கத்து மேசை ஆயிஷாவுக்கு அது தெரியும். ஒன்றும் சொல்லாமல் என் பங்கையும் அவளே சாப்பிட்டாள்.

குறை. இதற்குத்தான் காத்திருந்தேன் —

மூன்று முறை செத்துவிட்டான். முதல் முறை நான் சாப்பிடவில்லை. இரண்டாம் முறை குறைவாகச் சாப்பிட்டேன். மூன்றாம் முறை மீ கோரிங் சாப்பிட்டுக்கொண்டே படித்தேன். இப்படி ஆக்கியது யார் குற்றம்?

மீசை. முகமூடி கண்ணைத்தான் மறைக்கிறது. அந்த மீசை அப்படியே வெளியே நிற்கிறது. பகலில் அதே மீசையோடு கிராணி மேசையில் உட்கார்ந்திருக்கிறான். ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. மல்லிகாவுக்கும் தெரியவில்லை. அவள் வேலை பார்ப்பது மூக்குக் கண்ணாடிக் கடையில்!

மல்லிகாவோடு நிச்சயம் ஆகி இருபத்தெட்டு வருடம். கல்யாண நாளன்று ஒவ்வொரு முறையும் ஏதாவது வெடிக்கிறது. பெண் வீட்டார் ஒரு முறைகூடச் சண்டைக்கு வரவில்லை. எந்தத் தமிழ்க் குடும்பம் ஐயா இது?

வில்லன்கள் தங்கள் திட்டத்தை நான்கு பக்கம் விளக்குகிறார்கள். டாக்டர் ஈயம் ஆறு பக்கம். அவன் பேசி முடிப்பதற்குள் கட்டை அவிழ்த்துக்கொண்டு, தே தாரிக் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

வயது. முப்பது வருடமாக அவனுக்கு இருபத்தேழு. எனக்கு நாற்பத்தெட்டு, காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒன்று.

300க்குப் பிறகு கணினி வண்ணம். எல்லாம் பளபளப்பு. செம்பருந்து மெழுகு தடவியவன் போல இருக்கிறான்.

முடிவுகள் பலவீனம்.

மேலே உள்ள வரியை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். எந்த முடிவு? 157க்குப் பிறகு ஒரு முடிவையும் நான் படித்ததில்லை. நான் குறை சொல்வது என் நோட்டில் நானே எழுதிய முடிவுகளை.

அடிக்கவா, விடவா? பென்சிலால் கேள்விக்குறி போட்டேன்.


வியாழன், நவம்பர் 6

மழை இல்லை! ஆனால் வெக்கை.

குறைப் பகுதியை வ.விடம் படித்துக் காட்டினேன். மீசைக்குச் சிரித்தாள். மல்லிகாவுக்கு, "பாவம் அந்தப் பொண்ணு" என்றாள். முடிவுகள் பலவீனம் என்றதும் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்கதான் பாதி படிக்கிறதே இல்லையே."

"தெரியும்."

"பாதி தட்டு சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போய், சமையல் சரியில்லன்னு ஊரெல்லாம் சொல்ற மாதிரி இருக்கு."

வெங்காயத்தை எடுத்து நான் நறுக்க ஆரம்பித்தேன்.

உண்மையை எழுதுகிறேன், இதை யாரும் படிக்கப் போவதில்லை: எனக்கு அவன் எப்படி முடிகிறான் என்று தெரிய வேண்டும். முப்பது வருடம். 359இல் அவன் விழுந்துகொண்டிருக்கிறான். அவனை விழுகிற நிலையிலேயே விட்டுவிட்டு நான் செத்துப்போக முடியாது. நானே ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன், நேற்று. சரிவரவில்லை. முதல் முறையாக எனக்கே பிடிக்கவில்லை.

ஆனால் 360 இரட்டைப்படை.

மதிய இடைவேளையில் சரசு அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, சும்மா கேக்கறேன். சனிக்கிழமை செம்பருந்து எத்தன காப்பி வரும்?"

"ஒன்னு."

"ஒன்னுதானா?"

"எப்பவும் ஒன்னுதான எடுக்கிறேன். வேற யாரு வாங்குறா? ஒரு மாசம் நீங்க, ஒரு மாசம் அந்த ஆயர் ஈத்தாம் ஆளு. இந்தத் தடவ அவரு முறை. காலையிலேயே ஃபோன் போட்டு எடுத்து வைக்கச் சொல்லிட்டாரு."

ஆயர் ஈத்தாம் ஆள்! லூ. தம்போயை விட்டுப் போய், அங்கே மாமனாரின் பூந்தொட்டிக் கடையைப் பார்த்துக்கொள்கிறான் என்பது காதில் விழுந்த செய்திதான். ஆனால் இதே கடைக்கு, ஒரு மணி நேரம் காரோட்டி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறான் என்பது தெரியாது. நான் வருகிற மாதம் அவன் வருவதில்லை. அவன் வருகிற மாதம் நான் வருவதில்லை. சட்டத்தில் அப்படி ஒரு வசதி இருந்திருக்கிறது.

"எத்தன வருஷமா வர்றாரு?"

"யாருக்குத் தெரியும். முடி இருக்கும்போதிலேர்ந்து."


வெள்ளி, நவம்பர் 7

வேறு கடைகள்: ஸ்கூடாய் இல்லை. மாசாய் இல்லை. பதிப்பகத்தில் தொலைபேசி எடுக்கவில்லை.

நாளை காலை பத்திரிகை வாங்கப் போவேன். பத்திரிகை வாங்க யார் வேண்டுமானாலும் போகலாம். அது எவன் அப்பன் வீட்டுக் கடையும் இல்லை.

சட்டை: நீலம். இஸ்திரி போட்டாயிற்று.


சனி, நவம்பர் 8

நீளமாக எழுத வேண்டும். கை வலித்தாலும்.

பத்தரைக்குக் கடை, நடந்தே. மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. ஒரு வழுக்கைத் தலை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. வலது செருப்பால் இடது கெண்டைக்காலைச் சொறிந்தது. ஆறாம் படிவத்திலும் அப்படித்தான் சொறிவான். பெருத்துவிட்டான்.

சரசு அக்கா 360ஐக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "வாங்க, வாங்க. ஒத்தப்பட வந்தாச்சு. இவருதான் ரெட்டப்பட. ரெண்டு பேரும் ஒன்னா வந்து நான் பாத்ததே இல்ல. ஏதோ சாமிக்கு வேண்டிக்கிட்டு மாத்தி மாத்தி வாங்குறீங்கன்னு நெனச்சேன்."

லூ. திரும்பினான். அந்த நேரத்தில்தான் மழை கொட்டியது. தகரக் கூரை. வெளியே கார் நிறுத்துமிடமே தெரியவில்லை. யாரும் எங்கும் போக முடியாது.

"நல்லா இருக்கியா?" என்றான்.

"பத்திரிகை வாங்க வந்தேன்."

"எந்தப் பத்திரிகை?"

கைக்கு எட்டிய ஒன்றை எடுத்தேன்.

"எப்படா சீனம் படிச்ச?" என்றான் லூ.

மடித்து வைத்தேன். சரசு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"பதினேழு வருஷம்டா குணா. ஒரு ஃபோன் கெடையாது."

"என் கடிதத்தத் திருடினவனுக்கு ஃபோன் வேறயா?"

"இன்னுமா அதே சொல்ற? அதான் தெளிவா போட்டுட்டாங்களே!"

"என்ன போட்டாங்க?"

"உன் பேர! நீ ஃபோன வெச்ச அன்னிக்கே ஆசிரியருக்கு எழுதினேன். ரெண்டு பேரயும் எழுதித்தான் அனுப்பினேன், உறைக்குப் பின்னாடி இருந்த பேர மட்டும் போட்டுட்டீங்கன்னு. அடுத்த இதழ்லயே திருத்தம் வந்துச்சு. நீ படிச்சிட்டு வருவேன்னு வாசல்லயே ஒக்காந்திருந்தேன். வரல. சரி, இவ்வளவு செஞ்சும் இவனுக்குத் திமிருன்னு நானும் விட்டுட்டேன்."

"அடுத்த இதழ்னா?"

"158."

"158 உன்னோடது."

"அதனால?"

"உன்னோடத நான் எப்படிடா படிப்பேன்?"

மழை இன்னும் பலமானது.

"கடையில நின்னு பொரட்டிக்கூடப் பாக்கலையா?"

"சட்டம்."

லூ. மிக மெதுவாக, "நானும் 159லேர்ந்து ஒத்தப்பட எதையும் தொடல," என்றான்.

முதலில் சிரித்தது சரசு அக்கா. கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, ரெண்டு லூசும் என் கடைக்குத்தான் வரணுமா!" பிறகு லூ. அவன் சிரித்தால் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம் அப்படியே இருக்கிறது. பிறகு நான். கண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பினால்தான்.

மழை குறைந்ததும் லூ.வின் காரில் ஏறினோம். நேராக என் வீடு. என் பெட்டியை எடுத்துப் பின்பக்கம் ஏற்றினோம். வ. வாசலில் நின்றாள், லூ.வை மேலும் கீழும் பார்த்தாள். "பசியாறிட்டீங்களாண்ணே?" என்றாள், போன வாரம் வந்துபோனவனைக் கேட்பதுபோல. இல்லை என்றான். நாசி லெமாக் பொட்டலம் இரண்டு, ஒரு குடை. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நெடுஞ்சாலையில் ஒரே கேள்வி மழை. அவனிடம் நூறு முடிவு, தொடக்கம் இல்லை. என்னிடம் நூறு தொடக்கம், முடிவு இல்லை.

"டேய், 262ல ஈயக் கெணத்துலேர்ந்து மேல ஏறி வர்றான். அவன உள்ள தள்ளினது யாரு?"

"புகையரசி."

"மல்லிகா இல்ல?"

"மல்லிகா கயிறு தேடிட்டு ஓடுவா."

"ஐயோ. எட்டு வருஷமா அந்தப் பொண்ணத் திட்டிட்டிருக்கேன்."

தொடரைப் பற்றி அவன் சொன்ன குறை: "ரொம்ப சுலபமா ஜெயிச்சிடுறான்டா. பொரட்டினா தப்பிச்சிருப்பான், அடுத்தது கல்யாணப் பேச்சு, முடிஞ்சுது. கஷ்டமே இல்லாத பய." நான் சொன்னேன்: எனக்குத் தெரிந்த செம்பருந்து பதினேழு வருடமாக ஒரு நாள்கூட நிம்மதியாக இருந்ததில்லை. ஒரே ஆளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிட்டது.

ஆயர் ஈத்தாம். பூந்தொட்டிக் கடையின் பின்னறை. வைக்கோல், களிமண் வாடை. அவனுடைய இரட்டைப்படைகள் பிளாஸ்டிக் உறைக்குள், எண் வரிசையாக. என்னுடையதைவிடச் சுத்தம். சொல்லவில்லை.

158ஐ எடுத்துக் கொடுத்தான். பின்னட்டைக்கு முந்திய பக்கம். கூந்தல் தைல விளம்பரத்துக்கு அடியில், எறும்பு எழுத்தில்: 'சென்ற இதழில் சிறப்பிடம் பெற்ற கடிதத்தை எழுதியவர் குணசேகரன். படியெடுத்து அனுப்பியவர் லூர்துசாமி. தவறுக்கு வருந்துகிறோம்.'

கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தேன். என் பெயர் பதினேழு வருடமாக அச்சில் இருந்திருக்கிறது. நான்தான் வாங்கவில்லை.

"மன்னிச்சிரு" என்று சொல்லப் பார்த்தேன். "நாசி லெமாக் ஆறுது" என்று வந்தது. அவனுக்குப் புரிந்தது.

பிறகு ஒரு விபத்து. என் பெட்டிக்குள் அந்த நோட்டு இருந்ததை மறந்துவிட்டேன். லூ. எடுத்துவிட்டான். நான் எழுதிய முடிவுகளைப் புரட்டிப் புரட்டிப் படித்தான்.

"ஏன்டா, எல்லாக் கதையிலயும் ஒரு குண்டுக் கூட்டாளி வந்து செம்பருந்தக் காட்டிக் குடுக்கிறான்?"

"தற்செயல்."

"நான் அப்ப ஒல்லி."

"தீர்க்கதரிசனம்."

அவன் மனைவி மேரி பாலில்லாத தே ஓ கொண்டுவந்தாள். வாசலில் சிங்கப்பூர்க்காரர் ஒருவர் தொட்டி விலை கேட்டுக்கொண்டிருந்தார். லூ. இடத்தைவிட்டு எழவில்லை. "மேரி, நீயே பாரும்மா, இங்க பெரிய விஷயம் நடக்குது."

360. சட்டப்படி வாங்கியவன்தான் முதலில் படிக்க வேண்டும். லூ. இதழை என் பக்கம் தள்ளினான். நான் அவன் பக்கம் தள்ளினேன். மூன்று முறை. கடைசியில் அவன் வாய்விட்டுப் படித்தான், பழையபடி, ஆளுக்கொரு குரலில். டாக்டர் ஈயத்துக்கு இன்னும் எங்கள் பழைய தலைமையாசிரியர் குரல்தான்.

செம்பருந்து கடலில் விழுகிறான். ஆழம் இல்லை. சேறு. எழுந்து நடந்தே கரைக்கு வருகிறான், சிறகிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. சதுப்புநிலத்தில் நான்கு பக்கம் நடை. பேச்சே இல்லை. அந்த ஓவியர்! பளபளப்பு இல்லை. கடைசி இதழுக்கு மட்டும் பழைய மாதிரி கையால் வண்ணம். கரையில் மல்லிகா குடையோடு நிற்கிறாள். முகமூடியைக் கழற்றப் போகிறான். அவள் சொல்கிறாள்: 'விடுங்க. அந்த மீசைய எனக்கு மொத நாள்லேர்ந்தே தெரியும்.'

லூ.வின் குரல் அங்கே உடைந்தது. மல்லிகாவின் குரலில் வேறு படித்துக்கொண்டிருந்தான், அதனால் கேவலமாக உடைந்தது. மேரி ஓடிவந்து என்ன என்று கேட்டாள்.

"மொத நாள்லேர்ந்தே தெரியுமாம்," என்றான் லூ.

"யாருக்கு, என்னா?"

"மல்லிகாவுக்கு. மீசை," என்றேன் நான்.

மாலை நாலரைக்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டான். என் ஒற்றைப்படைகள் அவன் வீட்டில் இருக்கின்றன. அவனுடைய இரட்டைப்படைகள் 158இலிருந்து இங்கே, கூடத்தில். சட்டத்தில் இதற்கு இடமில்லை. அந்தக் கணக்கு நோட்டுப் பின்னட்டை எங்கே என்று தேடி, ஒரு பிரிவு சேர்க்க வேண்டும். கிச்சாப் இருக்கிறது.


ஞாயிறு, நவம்பர் 9

மேகமூட்டம். இன்னும் பெய்யவில்லை. 160, 162, 164 படித்தாயிற்று. வ. 158ஐப் படித்துக்கொண்டிருக்கிறாள், விளம்பரத்துக்கு அடியில் உள்ளதை இரண்டாவது முறையாக.

நாளைக்கு: டயர் மறுபடி காற்றுக் குறைகிறது, ஆணியா என்று பார்க்க. ரவி மேசையில் கேக் மிச்சம் இருந்தால் எடுக்கலாம். ஆறு நாள் ஆகியிருக்கும், இருக்காது. கேட்டாவது பார்க்கலாம்.

நிறைகுறை முடிந்தது. திருத்தங்கள்:

'முடிவுகள் பலவீனம்' — அடித்தாயிற்று. அதற்குப் பதில் லூ. தொலைபேசியில் சொன்னது: 'முடிவுகளை மட்டும் படித்தால் இவன் அதிர்ஷ்டக்காரன், தொடக்கங்களை மட்டும் படித்தால் இவன் பாவப்பட்டவன். தயவுசெய்து இரண்டையும் வாங்கவும்.' அப்படியே சேர்த்தேன்.

முன்கதைச் சுருக்கம் இல்லாதது குறைதான். அதை விடமாட்டேன். அதனால் எனக்கு ஆனது எனக்குத்தான் தெரியும்.

மீசை — குறையிலிருந்து நிறைக்கு மாற்றம்.

மல்லிகாவிடம் மன்னிப்பு: லூ. தனியாக ஒரு வரி கேட்டான். போட்டாயிற்று.

மூன்று முறை செத்தது — குறைதான். ஆனால் மூன்று முறையும் திரும்பி வந்தான் என்று பக்கத்தில் சேர்த்தேன்.

பகுதி 3, லூ. செய்த துரோகம் — தலைப்பு மட்டும்தான் இருந்தது. கிழித்தேன்.

கடைசியில் பெயர்.

"உன் பேரப் போடு," என்றான் லூ. "எழுதினது நீ. நான் அந்தப் பக்கமே வரல சாமி, இன்னொரு பதினேழு வருஷம் தாங்காது."

"ரெண்டு பேரும் போடலாம்."

"யாரு பேரு மொதல்ல?"

இருவரும் யோசித்தோம். நீண்ட நேரம். அவன் பக்கம் யாரோ தொட்டியை உடைத்த சத்தம், மேரியின் கூச்சல்.

"டேய், இருக்கியா?" என்றான்.

இருந்தேன். குழுவில் பெயர் காட்டாமல் பதிவு போட ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் எழுதியது என்று தெரிய வேண்டியவனுக்குத் தெரியும். வ.வுக்குத் தெரியும். சரசு அக்காவுக்கும் சொல்லியாகிவிட்டது.

பெயர் போடவில்லை. அப்படியே அனுப்புகிறேன், மழை வருவதற்குள்.